காது மந்தமான மேஸ்திரியிடம் அதை எப்படிச் சொல்வது?

கேள்வி: முந்திரிக்காடு

அனைவருக்கும் வணக்கம். நான் பண்ருட்டிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில் மரம் அறுக்கும் மிஷின் வேலை செய்கிறேன், வயது 34. என்னுடன் வேலை செய்யும் மேஸ்திரிக்கு 61 வயது. உறவு ஒன்றும் இல்லை என்றாலும் முதல் நாளிலிருந்து அவரை மாமா என்றுதான் அழைக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தபோது எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன என்பது இங்குள்ள பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் தோப்பில் விழுந்து கிடந்த மரங்களை அறுக்க வந்தவர் அவர். அவர் கையில் மிஷின் இருந்தது. என் கையில் அப்பாவின் கோடாரி இருந்தது. அந்த வேலை முடிந்த கையோடு நான் அவருடன் கிளம்பிவிட்டேன்.

முதல் மூன்று மாதங்கள் மிஷினைத் தொடவே விடவில்லை. பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் எண்ணெய்) என்று கலந்து கொடுப்பதும், உருண்டை அரத்தால் செயினுக்குச் சாணை போடுவதும்தான் என் வேலை. ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு என்றால் எல்லாப் பற்களுக்கும் மூன்றே இழுப்புதான். ஒன்று கூடினாலும் வாள் ஒரு பக்கமாக வளைந்து ஓடும் என்று சொல்லிவிட்டு, நான் எண்ணுவதைத் திண்ணையில் உட்கார்ந்தபடி அவரும் சேர்ந்து எண்ணுவார். வளைந்து கிடக்கும் மரத்தில் எந்தப் பக்கம் நெருக்கத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் இழுவையில் இருக்கிறது என்று பார்த்த பிறகே வாளை வைக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். இன்றுவரை என் உடம்பில் ஒரு தையல்கூட இல்லை என்றால் அதற்குக் காரணம் அந்தத் திண்ணை.

இப்போது மிஷின் என்னுடையது. நான் அறுக்கிறேன், அவர் மரத்தை இழுத்துச் சாய்க்கும் வடக்கயிற்றில் நிற்கிறார். போன மாதம் ஒரு மாட்டுக் கொட்டகைமேல் சாய்ந்திருந்த கிழட்டு மாமரத்தை எதிர்ப்பக்கம் தள்ள வேண்டியிருந்தது. மரம் விழ வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவில் வெட்டி வாய் எடுத்து முடித்து, பின்பக்கம் அறுத்துக்கொண்டிருந்தபோது, வெளுப்பாக வந்துகொண்டிருந்த மரத்தூள் திடீரென்று கறுத்து ஈரமாக வரத் தொடங்கியது. உள்ளே உளுத்துப்போயிருக்கிறது என்று புரிந்ததும் "இரு, இரு" என்று கத்தினேன். கயிறு விறைத்தது. மரம் முறுக்கிக்கொண்டு, நான் விலகி முடிப்பதற்குள் கொட்டகைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. "நீதானே இழு என்று சொன்னாய்?" என்று அவர் கேட்டார். கயிற்றில் நின்ற இரண்டு பையன்களும் சிரித்துவிட்டார்கள். அன்று மதியம் அவர் தம் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இது முதல் முறை அல்ல. இரண்டு வருடங்களாகவே பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. மார்கழிக் காலைகளில் அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்துவிடுகின்றன; டீ கிளாஸை இரு கையாலும் பொத்திப் பிடித்து அதை மறைக்கிறார். எங்களுக்கு வேலை தரும் காண்டிராக்டர், பெரியவரை நிறுத்திவிட்டு வேறு ஆளைக் கூட்டி வா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அடுத்த மரம் ஒரு சாண் தள்ளி விழும் என்பதற்கும் உறுதி இல்லை. காது கேட்கவில்லை என்பதை, தொழில் கற்றுக்கொடுத்தவரிடம் எந்த வாயால் சொல்வது? அவரை வைத்துக்கொண்டே பத்திரமாக வேலை செய்ய வழி உண்டா?

பதில் 1: கெடிலக்கரை

தம்பி, நானும் இதே தொழில்தான். உங்கள் மாமாவை விட நான்கு வயது இளையவன். ஆகவே கொஞ்சம் அவர் பக்கம் நின்றுதான் பேசுவேன்.

முதலில் அந்த மாமரத்தின் பழியை முழுவதும் அவர் காதின்மேல் போடாதீர்கள். "இரு" என்பதற்கும் "இழு" என்பதற்கும் நடுவே ஓர் எழுத்துதான் வேறுபாடு. அதிலும் நம் பக்கத்தில் எத்தனை பேர் ழகரத்தைத் திருத்தமாகச் சொல்கிறோம்? ஓடுகிற மிஷினுக்கு மேலே கத்தினால் இருபது வயதுக் காதுக்கும் அது ஒன்றுபோலத்தான் கேட்கும். நிறுத்து என்பதற்கும் இழு என்பதற்கும் ஒரே ஓசையுள்ள சொற்களை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் பிழைத்தீர்களே என்பதுதான் என் ஆச்சரியம். தூள் கறுத்ததும் நீங்கள் முதலில் மிஷினை அணைத்திருக்க வேண்டும். கத்துவது அதற்குப் பிறகு.

எங்கள் குழுவில் வாய்ச்சொல்லே கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாப் பக்கம் தென்னை அறுக்கப் போயிருந்தோம். பக்கத்துப் பக்கத்துத் தோப்புகளில் வெவ்வேறு ஊர்க்காரர்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். எவனோ எவனுக்கோ சொன்ன சொல்லைக் கேட்டு எங்கள் ஆள் கயிற்றை விட்டுவிட்டான். அன்றிலிருந்து கைச்சைகையும் விசிலும்தான். அறுப்பவருக்கும் கயிற்றுக்காரருக்கும் இருவர் கண்ணிலும் படும்படி மூன்றாவது ஆள் ஒருவர் நிற்பார். அவர் கையை உயர்த்தினால் மட்டும் இழுக்கலாம். விசில் என்றால் நிறுத்து; அதற்கு வேறு பொருளே இல்லை. இழுக்கச் சொல்லும் உரிமை அந்த ஒருவருக்கு மட்டும். விசில் ஊதும் உரிமை, சோறு கொண்டுவந்த பையன் உட்பட எல்லோருக்கும் உண்டு.

இனி அவரிடம் சொல்வதைப் பற்றி. காது போனது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு முன்பே தெரியும். நீங்கள் எப்போது சொல்லிவிடுவீர்களோ என்றுதான் அவர் காத்துக்கொண்டிருப்பார். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவருக்குக் கண் மங்கத் தொடங்கியபோது, ஒரு நாள் அவர் சாணை போட்ட செயின் ஒரு பக்கமாக இழுத்தது. நான் நாலு பேர் முன்னால் அவர் கையிலிருந்த அரத்தை வாங்கி, "விடுங்கள், நான் போட்டுக்கொள்கிறேன்" என்றேன். உதவி என்று நினைத்துத்தான் செய்தேன். மறுநாள் அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. வீட்டுக்குப் போனால் காப்பி கொடுப்பார், மழையைப் பற்றிப் பேசுவார், என் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். மரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆகவே வேலை இடத்தில் பேசாதீர்கள். அந்தத் திண்ணை இன்னும் இருக்கிறதல்லவா, அங்கே போய்ப் பேசுங்கள்.

பதில் 2: பாகூர்வாசி

கெடிலக்கரை ஐயா சொன்ன சைகை முறையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்குவம் பார்த்துப் பேசலாம் என்று நாள் கடத்துவதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. எனக்கு வயது 27. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அதற்கு அடுத்த நாட்களில் முழங்கால் தண்ணீரில் நின்று மரம் அறுத்தவர்களில் நானும் ஒருவன். தண்ணீருக்குள் எந்தக் கிளை எதை அழுத்திக்கொண்டு கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பக்கத்தில் நிற்பவருக்குக் காது கேட்குமா என்ற கேள்விக்கு மரியாதை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எங்கள் பெரியவரிடம் நான் நேராகவே சொன்னேன்: "பெரியப்பா, நான் கத்தினால் உங்களுக்குக் கேட்கவில்லை, இனி நீங்கள் என் கண்ணெதிரில் மட்டும் நில்லுங்கள்." இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சரியாகிவிட்டார்.

இன்னொன்று. சிரித்த அந்த இரண்டு பையன்களிடம் நீங்கள் ஏதாவது சொன்னீர்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. அவர் தனியாகப் போய்ச் சாப்பிட்டது காதுக்காக அல்ல, அந்தச் சிரிப்புக்காகவும், அப்போது நீங்கள் சும்மா இருந்ததற்காகவும் இருக்கலாம். கூடவே ஒரு கேள்வி: நீங்கள் காது மூடி போடுகிறீர்களா?

பதில் 3: செவிப் பரிசோதனைக்காரி

நான் கேட்புத்திறன் பரிசோதனை செய்யும் பணியில் இருக்கிறேன். மர வேலை எனக்குத் தெரியாது. காதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்த வகை மிஷின், அறுப்பவரின் காதருகே 100 டெசிபெலுக்கு மேல் ஒலிக்கிறது. ஒரு நாளில் எட்டு மணி நேரம் காது தாங்கக்கூடியது 85 டெசிபெல் என்று கொண்டு, மூன்று மூன்று டெசிபெல் கூடக்கூட நேரத்தைப் பாதியாக்கிக்கொண்டே போவது ஒரு கணக்கு. அதன்படி 100 டெசிபெலுக்குக் கால் மணி நேரம்தான் கிடைக்கும். இப்படிப்பட்ட இரைச்சலில் முதலில் தேய்வது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலிகள். உயிரொலிகள் பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால் அவை கேட்கும். சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் நுட்பம் மங்கிவிடும். "கத்துவது கேட்கிறது, என்ன சொன்னாய் என்றுதான் தெரியவில்லை" என்று எங்களிடம் வருபவர்கள் சொல்வது இதைத்தான். ஆகவே இன்னும் உரக்கக் கத்துவதால் பயனில்லை. முகம் பார்த்து நிதானமாகப் பேசினால் பயன் உண்டு. விசிலைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அதுவும் கீச்சொலிதான். அவருக்கு அது கேட்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்; எப்படியும் கைச்சைகையை விட்டுவிடாதீர்கள்.

இவ்வாறு போன கேட்புத்திறன் திரும்புவதில்லை. காதில் பஞ்சு வைப்பது பாதுகாப்பாகாது. பரிசோதனையைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ மாவட்ட அரசு மருத்துவமனையிலோ செய்துகொள்ளலாம். காது கேட்கும் கருவி கிடைத்தால் பேச்சுக்கு உதவும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஓடும் மிஷின் அருகே நிற்கக் கூடாது.

விரல்கள் வெளுப்பது நெடுநாள் அதிர்வினால் வருவதாக இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். குளிரும் புகைப்பழக்கமும் அதை மோசமாக்கும்.

எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். நீங்கள் பதினான்கு ஆண்டுகள் அதே மிஷின் அருகே நின்றிருக்கிறீர்கள். உங்கள் காதைச் சோதிக்கப் போங்கள். துணைக்கு அவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: முந்திரிக்காடு

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பாகூர்வாசி கேட்ட இரண்டு கேள்விகளும் சுட்டன. பையன்களிடம் அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை; பிறகுதான் கூப்பிட்டுச் சொன்னேன். காது மூடி நான் போட்டதே இல்லை. இப்போது வாங்கிவிட்டேன். வியர்வையில் காது ஊறிப்போகிறது, ஆனால் பழகிவிடும்போல் இருக்கிறது.

திண்ணையில் உட்கார்ந்து, "மாமா, எனக்குக் காதுக்குள் வண்டு கத்துவதுபோல் இருக்கிறது, புதுச்சேரிக்குத் துணைக்கு வாருங்கள்" என்றேன். அது பொய்யும் அல்ல. மாலை நேரங்களில் அப்படித்தான் இருக்கிறது. வந்தார். என்னைச் சோதித்த பிறகு, வந்தது வந்தீர்கள் என்று அவரையும் உட்கார வைத்தேன். எனக்கும் தேய்மானம் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். அவருக்கு இரண்டு காதிலும் நிறையவே போயிருக்கிறது. திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் வெகு நேரம் கழித்து, "உனக்குமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு தம் காதுகள் எப்போதிலிருந்து மந்தம் என்று அவரே சொன்னார். நான் கணக்கு வைத்திருந்ததை விட ஒரு வருடம் முன்பிருந்து.

கயிற்றிலிருந்து விலகுவதாக அவரே சொல்லிவிட்டார். மூன்றாவது ஆளாக எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இப்போது நிற்பவர் அவர்தான். அவர் கை உயராமல் யாரும் இழுப்பதில்லை. விசில் அவருக்குக் கிட்டத்தில் கேட்கிறது, எட்டத்தில் கேட்கவில்லை. ஆகவே ஊதுபவர் கையையும் குறுக்கே வீச வேண்டும் என்று வைத்திருக்கிறோம். காண்டிராக்டரிடம், நாங்கள் இருவரும் சேர்ந்துதான் வருவோம் என்று சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை; அடுத்த தோப்பு வேலையை மட்டும் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்.

வேறொரு வேலை கிடைத்தது. வீணைக்குப் பண்ருட்டிப் பலாதான் வேண்டும் என்று தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தவர்கள், ஒரு முதிர்ந்த பலாவைப் பார்த்து வைத்திருந்தார்கள்; உள்ளே பொந்து இருந்தால் அவர்களுக்கு அது ஆகாது. முன்பெல்லாம் மாமா கோடாரியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, எந்த உயரம்வரை வைரம் பாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அன்று கோடாரியை என்னிடம் நீட்டினார். நான் தட்டினேன்; அவர் மரத்தின் மறுபக்கம் போய் இரண்டு உள்ளங்கைகளையும் பட்டையில் பதித்து நின்றார். இடுப்பு உயரத்தில் தட்டினேன், மார்பு உயரத்தில் தட்டினேன். எனக்கு இரண்டும் ஒரே ஓசையாகத்தான் கேட்டன. "அங்கே இன்னொரு தடவை தட்டு" என்றார். தட்டினேன். அறுத்துப் பார்த்தபோது, அவர் கை வைத்திருந்த இடத்துக்கு நாலு விரற்கடை மேலே, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து இருந்தது.

பையன்களில் ஒருவன் இப்போது தட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். அவன் தட்டுகிறான், மாமா கை வைக்கிறார், நான் காது மூடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறேன். மூன்று பேரும் மூன்று இடத்தைக் காட்டுகிறோம்.

கெடிலக்கரை அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும்: பலாப்பால் ஒட்டி இறுகிய செயினை நீங்கள் மண்ணெண்ணெயில் ஊற வைப்பீர்களா, டீசலிலா? மாமா டீசல் என்கிறார். அந்தப் பையன் மண்ணெண்ணெய் என்று பிடிவாதம் பிடிக்கிறான்.