நகர நலமும் உணவு நீதியும்: பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

தரமணி ஆசிரியர் (கேள்வி)

வணக்கம். சென்னையில் ஒரு கல்லூரியின் சமூகப்பணித் துறையில் பணியாற்றுகிறேன். வரும் பருவத்தில் முதுகலை மாணவர்களுக்கு ‘நகர நலமும் உணவு நீதியும்’ என்ற விருப்பப் பாடத்தை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. மொத்தம் 45 மணி நேரம். கைக்குக் கிடைத்த பாடத்திட்ட மாதிரிகளில் பெரும்பாலானவை அமெரிக்க நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காய்கறிக் கடைக்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கும் பகுதிகளை அவை ‘உணவுப் பாலைவனம்’ என்கின்றன. நம் ஊரிலோ குடிசைப் பகுதியின் வாசலுக்கே கீரைக்காரரும் மீன்கார அம்மாவும் வந்து நிற்கிறார்கள். எனவே அந்தச் சொல்லை இங்கே அப்படியே கொண்டுவந்து ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சென்ற ஆண்டு வேறொரு பாடத்துக்காக மாணவர்களைக் களப்பணிக்கு அழைத்துச் சென்றபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். “வாரத்தில் எத்தனை நாள் பழம் சாப்பிடுகிறீர்கள்?” என்று ஒரு மாணவி படிவத்தைப் பார்த்துக் கேட்டார். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா, முறத்தைக் கீழே வைக்காமலேயே, “நீ எத்தன நாள் சாப்புடுற, அத மொதல்ல சொல்லு” என்றார். விடுதியில் தங்கிப் படிக்கும் அந்த மாணவியிடமும் பதில் இல்லை. படிவத்தைத் தயாரித்தவன் நான் என்பதால், அன்று தலைகுனிய வேண்டியவனும் நானே.

இந்தப் பாடத்தை எங்கிருந்து தொடங்கலாம்? களப்பணி வைப்பது சரிதானா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகைக்கரை

ஐயா, ரேஷன் கடையிலிருந்து தொடங்குங்கள். தம் வீட்டுக் குடும்ப அட்டை எந்த வகை, அதில் எந்தப் பொருள் எவ்வளவு வருகிறது, அதை வீட்டில் யார் போய் வாங்குகிறார்கள் என்று ஒவ்வொரு மாணவரும் விசாரித்து வரட்டும். கடைசிக் கேள்விக்குப் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. நான் பார்த்த வகுப்புகளில் எல்லாம் அப்படித்தான்.

1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்துப் பொதுவிநியோகத்தைப் பிரித்தபோது, எல்லோருக்கும் பொதுவான முறையைத் தமிழ்நாடு கைவிடவில்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், நகர மக்களில் பாதிப் பேரைத்தான் உள்ளடக்குகிறது. 2016 நவம்பரில் அச்சட்டத்தை ஏற்றபோதும், அதற்கு வெளியே நிற்கும் அட்டைகளுக்கு ஆகும் செலவைத் தானே சுமப்பதென்று மாநிலம் முடிவெடுத்தது. உணவு என்பது உரிமையா, தகுதி பார்த்துக் கொடுக்கும் உதவியா என்ற விவாதத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

அடுத்த வகுப்பில் 1920க்குப் போங்கள். பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளியில், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் உணவு கொடுக்கத் தொடங்கியது. தொடக்கக் கல்விக்கான நிதியைச் சோற்றுக்குச் செலவிட ஆங்கிலேய அரசு ஒப்பாததால் 1925இல் அது நின்றுபோனது. 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு என்ற வரலாற்றை எல்லோரும் சொல்வார்கள். சோறு கல்விச் செலவில் சேருமா சேராதா என்ற அந்தப் பழைய வழக்கை நடத்திக் காட்டுவதுதான் வகுப்புக்கு உயிர் கொடுக்கும். மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்துப் பாருங்கள்.

மூன்றாவது பிளாக்

கூவக் கரையிலிருந்து நகரத்தின் தென்கோடியில் உள்ள ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு எங்களை மாற்றியபோது எனக்குப் பதினொரு வயது. இப்போது சமூகப்பணிதான் படித்துவிட்டு வேலையில் இருக்கிறேன். ஆகையால் இரண்டு பக்கத்தையும் அறிந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பழைய இடத்தில் எங்கள் சமையல் மாலை ஆறரைக்குத்தான் முடிவாகும். மார்க்கெட் கலையும் நேரத்தில் கூறு கட்டி வைத்திருக்கும் கத்தரிக்காயும், மீதமிருக்கும் கவலை மீனும் எந்த விலைக்கு இறங்குகின்றன என்று பார்த்துத்தான் அம்மா வாங்குவார். தினக்கூலி வாங்குகிறவர்களுக்குக் கூறு என்பதுதான் அளவு. புதிய இடத்துக்கும் காய்வண்டி வந்தது. ஆனால் காலை பதினொரு மணிக்கு வந்தது. அம்மா வேலை செய்த மூன்று வீடுகளும் பழைய பகுதியிலேயே இருந்ததால், விடியும் முன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். வண்டி வரும் நேரத்தில் வீட்டில் நானும் தம்பியும் மட்டும்தான் இருப்போம். எங்கள் கையில் அவர் கொடுத்துவிட்டுப் போன காசு பெரும்பாலும் ஐந்து ரூபாய்ச் சிப்ஸாகவும் மாலையில் பக்கோடாவாகவும் மாறியது.

பிற்பாடு ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் வந்தது. ஆண்டுக்கணக்கில் பாத்திரம் தேய்த்த விரல்களில் ரேகை மங்கிப்போயிருந்ததால் அம்மாவின் கையை அது ஏற்கவில்லை. ஒவ்வொரு விரலாகப் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்ப்பார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்க, கடைசியில் நான் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போய் என் விரலை வைப்பேன். வைகைக்கரை ஐயா கேட்ட ‘யார் போய் வாங்குகிறார்கள்’ என்ற கேள்விக்கு எங்கள் வீட்டின் பதில் அதுதான்.

களப்பணி வையுங்கள், ஆனால் படிவம் வேண்டாம். நாற்பது பேரை ஒரே நாளில் இறக்கிவிடாமல், இரண்டிரண்டு பேராக, ஒரு வீட்டின் ஒரு நாளைக் காலை நான்கு மணியிலிருந்து அந்த வீட்டார் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளட்டும். தண்ணீர் எப்போது வந்தது, அடுப்பு எப்போது எரிந்தது, பஸ் எப்போது வந்தது என்று வரிசையாக எழுதினாலே, எங்களிடம் இல்லாதது எது என்று தெரிந்துவிடும். இதைச் சொல்லித் தருகிறவருக்கு மதிப்பூதியம் கொடுங்கள். நாங்கள் இலவசமாகப் பேசிக் களைத்துவிட்டோம்.

உணவியல் அலுவலர்

அரசு மருத்துவமனை ஒன்றில் நீரிழிவுப் பிரிவில் இருக்கிறேன். மேலே எழுதியவர்களோடு எனக்குப் பெரிதாக மாறுபாடு இல்லை. ஆனால் ரேஷனைக் கொண்டாடுவதோடு பாடம் நின்றுவிடக் கூடாது.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதே பெண்களில் 40.4 விழுக்காட்டினர் உடல் எடை கூடியவர்கள். இரண்டும் வெவ்வேறு ஆட்கள் என்று மாணவர்கள் நினைப்பார்கள். என் மேசைக்கு எதிரே தினமும் இரண்டும் ஒரே நாற்காலியில் வந்து உட்காருகின்றன. விலையில்லா அரிசி வயிற்றை நிரப்புகிறது. துவரம் பருப்போ அட்டைக்கு மாதம் ஒரு கிலோதான், முப்பது ரூபாய்க்கு. கீரை, முட்டை, மீன், பழம் எல்லாம் வெளிச்சந்தையின் விலையில். அதற்காக அரிசியைக் குற்றவாளியாக்கிவிடவும் வேண்டாம். அரிசிக்குச் செலவாகாமல் மிஞ்சும் பணத்தில்தான் பல வீடுகளில் முட்டையே வருகிறது.

எங்கள் குற்றமும் ஒன்று உண்டு. நாங்கள் கொடுக்கும் அச்சடித்த உணவுப் பட்டியலில் ஓட்ஸும் ஆப்பிளும் இருக்கும். இரவில் இரண்டு சப்பாத்தி என்றிருந்ததை வாசித்துவிட்டு ஒரு முதியவர், “மாவு பெசையறது யாருங்கம்மா?” என்று கேட்டார். அவர் தனியாக வசிப்பவர், காவலாளி. மதியச் சாப்பாடு அம்மா உணவகத்தில். 2013இல் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கிய அந்த உணவகத்தையும் பாடத்தில் வையுங்கள்: சமைக்க நேரமும் இடமும் இல்லாதவர்களுக்கு அரசே அடுப்பு மூட்டிய ஏற்பாடு அது. அப்படிப்பட்ட பட்டியல் ஒன்றை மாணவர்களிடம் கொடுத்து, குறிப்பிட்ட ஒரு நோயாளியின் கூலிக்கும் வேலை நேரத்துக்கும் ஏற்ப மாற்றி எழுதச் சொல்வதே நல்ல தேர்வு வினா.

தரமணி ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. படிவத்தைக் கிழித்துவிட்டேன். முதல் மூன்று வாரம் குடும்ப அட்டையும் ஓர் அணா வழக்கும். பிறகு ஒரு வீட்டின் ஒரு நாள். இறுதித் தேர்வுக்கு அந்த உணவுப் பட்டியல். ‘உணவுப் பாலைவனம்’ கடைசி வாரத்துக்குப் போகிறது, அதை மாணவர்களே மறுத்து எழுதட்டும்.

ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. மூன்றாவது பிளாக் தோழி, தங்கள் அம்மாவையே ஒரு வகுப்பு நடத்த அழைக்க விரும்புகிறேன். எங்கள் மதிப்பூதியப் படிவத்தில் ‘கல்வித் தகுதி’ என்ற கட்டத்தை நிரப்பாமல் பணம் வழங்க மாட்டார்கள். அங்கே என்ன எழுதுவது?

வைகைக்கரை

‘சிறப்பு விரிவுரையாளர்’ என்ற தலைப்பில் போகாதீர்கள், ‘களப்பணி வழிகாட்டி’ என்ற தலைப்பில் போங்கள். எங்கள் துறையில் அந்தப் படிவத்தில் தகுதி கேட்பதில்லை. தொகை சற்றுக் குறையும். மீதியைப் போக்குவரத்துச் செலவில் சேர்த்துக் கொடுத்தோம்.

மூன்றாவது பிளாக்

அம்மாவிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் வருவாராம்; மற்ற நாளில் மூன்று வீட்டிலும் லீவு சொல்ல வேண்டும்.