அப்பாவின் அலுமினியப் படகைத் திருத்திய கதை: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

முத்தையன்கட்டுக்காரன்:
2009இல் போரால் இடம்பெயர்ந்தபோது அப்பாவின் 14 அடி அலுமினியப் படகை வளவுக்குள் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனோம். மீள்குடியேறியபோது அங்கேயே கிடந்தது, தகட்டில் எறிகணைத் துண்டு கிழித்த மூன்று ஓட்டைகளோடு. அப்பா இல்லை. பழைய இரும்பு வாங்குபவர்கள் எத்தனையோ முறை விலை கேட்டார்கள்; கொடுக்க மனம் வரவில்லை. மிதிவெடி அகற்றுவோர் வளவைப் பார்த்து முடிக்கும்வரை அதன் பக்கத்தில் ஒரு பற்றையைக்கூட நாங்கள் வெட்டவில்லை. வன்னியில் பழைய படகைப் புரட்ட நினைப்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கடந்த ஆண்டு திருத்தத் தொடங்கினேன். கொண்டுபோன பட்டறைக்காரர் இரும்பில் கைதேர்ந்தவர். வாயுச் சுவாலையைப் பிடித்துக்கொண்டு, தகடு சிவக்கட்டும் என்று காத்திருந்தார். அலுமினியம் இரும்பைப் போல் சிவந்து எச்சரிக்காது. 660 பாகை செல்சியஸுக்குள்ளாகவே, நிறம் மாறாமலே இளகிச் சொட்டிவிடும். விரல் நுழைந்த ஓட்டையில் கை நுழைந்தது.

பிறகு அதே கனத் தகட்டை வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, இடையில் நீர் புகாத பசை பூசி, அலுமினிய ரிவிட்டுகளால் (தகடுகளைப் பிணைக்கும் ஆணிகள்) பொருத்தினேன். நடுவில் துளையுள்ள சாதாரண ரிவிட் வேண்டாம், அதன் வழியாகவே கசியும்.

கசிவு தேடியதுதான் பெரிய வேலை. படகை மரக்குற்றிகள் மேல் பரவலாகத் தாங்கவைத்து, உள்ளே நான்கு விரல் உயரத்துக்கு மட்டும் நீர் ஊற்றினேன். ஒரு லீட்டர் ஒரு கிலோ. நிரப்பினால் தகடு வளையும். அடியில் படுக்கக் கூடாது என்பதால் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே நுழைத்துப் பார்த்தேன். ரிவிட் தலையோரம் ஒரு துளி மெல்லத் திரண்டு, கனத்து, விழும். துளி திரண்ட இடத்தைச் சுற்றித் தகட்டில் வண்ணமெழுகால் ஒரு வட்டம். மொத்தம் 19 வட்டங்கள்.

நாயாற்றிலிருந்து:
அண்ணை, உங்களுடையது குளத்துப் படகு. உப்புநீரில் ஓடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பைபர் வள்ளத்துக்கு வாங்கி மிஞ்சிய அடிப்பூச்சை, வீணாகக் கூடாதென்று என் அலுமினியப் படகுக்கும் பூசினேன். பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் பூச்சு. அதில் இருப்பது செம்பு. உப்புநீரில் செம்போடு சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அடுத்த சோளகக் காற்றுக் காலத்துக்குள் அடித்தகட்டில் வெள்ளைப் பொடி பொங்கியது. சுரண்டினால் உள்ளே குண்டூசித் துளைகள். நீர் வடிக்கும் துளையை அடைக்கும் பித்தளைத் தக்கையும் இதே கேட்டைச் செய்யும். செம்பில்லாத பூச்சுத்தான் வேண்டுமென்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாகக் கட்டியும் அடியில் பூட்டுங்கள்.

வவுனிக்குளம் தம்பி:
எங்களுடையதில் இருக்கைக்கு அடியிலிருந்த மிதவைப் பஞ்சு (ஃபோம்) நீரை உறிஞ்சிக் கனத்திருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியது வைக்காமல் விட்டோம். ஒருநாள் காற்றில் நீர் ஏறியதும், இயந்திரம் இருந்த பின்பக்கம் முதலில் தாழ்ந்து, படகு முழுவதுமாக அமிழ்ந்தது. உயிர்காப்பு அங்கி இருந்ததால் மூவரும் பிழைத்தோம். முதலை உள்ள குளம் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. நீர் உறிஞ்சாத மிதவைப் பஞ்சு வைக்காமல் இருக்கையை மூடாதீர்கள். அண்ணை, பழைய பூச்சை எப்படி எடுத்தீர்கள்?

முத்தையன்கட்டுக்காரன்:
ஈரத்தோடு தேய்த்தேன், தம்பி. பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். உலரத் தேய்த்தால் தூசி கிணற்றடி வரை பறக்கும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. தூசி வடிகட்டும் கவசம் போட்டு, கீழே தறப்பாள் விரித்து, சேறாக வந்ததை அள்ளிக் கட்டினேன். அந்தச் சில நாட்களும் பிள்ளைகள் அம்மம்மா வீட்டில்.

கசிவுகளை அடைத்துப் படகைக் குளத்தில் இறக்கிய நாளில் இயந்திரம் பூட்டவில்லை. கரையில் மகன் கயிற்றைப் பிடித்திருக்க, அங்கியோடு படகில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 19 இடங்களையும் கையால் தடவினேன். எல்லாம் காய்ந்திருந்தன.