மறு: 'சூனர்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். ஓர் ஆய்வுக் கட்டுரைக்காக 'சூனர்' (Sooner) என்ற சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தார்கள்: அமெரிக்காவில் குடியேற்றத்துக்கு நிலம் திறக்கப்பட்டபோது, குறித்த நேரத்துக்கு முன்பே உள்ளே போய் இடம் பிடித்தவர்.

> 'அத்துமீறிக் குடியேறியவர்' என்று விளக்கமாகவே எழுதிவிடலாமே.

எழுதலாம் ஐயா. ஆனால் ஒரே பத்தியில் ஐந்து முறை வரும் சொல் இது. மூன்றாவது முறையே வாசகருக்கு மூச்சு வாங்கும். பொருளும் கொஞ்சம் பிசகுகிறது.

1889 ஏப்ரல் 22, அமெரிக்காவின் ஓக்லஹோமா. குடியேற்றத்துக்கு அரசு திறந்துவிட்ட நிலம் ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர். நண்பகல் 12 மணிக்கு வெடிச்சத்தம் கேட்டதும், எல்லைக்கோட்டில் காத்திருந்த கூட்டம் குதிரையிலும் வண்டியிலும் பாய்ந்தது. பிடித்த இடத்தில் முளை அடித்தால் 160 ஏக்கர் வரை உரிமை கோரலாம். பஸ் ஜன்னலில் துண்டு போடுகிற கதைதான். சிலர் முன்னதாகவே உள்ளே நுழைந்து ஓடைப் பள்ளங்களில் ஒளிந்திருந்து, 12 மணி ஆனதும் அப்போதுதான் வந்தவர் மாதிரி முளை அடித்தார்கள். குதிரையின் கழுத்தில் சோப்பு நுரையைத் தடவி, ஓடிக் களைத்த குதிரை என்று காட்டியவர்களும் உண்டாம். இவர்களை அத்துமீறியவர்கள் என்றால் மறுப்பில்லை.

ஆனால் அலெக்சாண்டர் ஸ்மித்தை எதில் சேர்ப்பது? அவர் சாண்டா ஃபே ரயில்வேயின் தொழிலாளி. வேலை நிமித்தம், தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே நிலத்திலேயே முறையாகக் குடியிருந்தவர். 12 மணி ஆனதும் பக்கத்து நிலத்துக்குப் போய் அதைக் கோரினார். 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அவர் அங்கே இருந்தது தப்பில்லை. மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே நிற்கும்போது அவர் உள்ளே இருந்ததுதான் சிக்கல். அதாவது அத்துமீறல் இல்லை, முந்தல் உண்டு. நமக்கு வேண்டிய வேர்ச்சொல் அங்கேதான் இருக்கிறது.

> 'முன்குடியேறி' சரிவருமா?

வராது என்று நினைக்கிறேன். 'முன்' போட்டால் முன்னோடி, பழங்குடி என்று மனம் போய்விடும். அந்த நிலமே மஸ்கோகி, செமினோல் மக்கள் 1866 ஒப்பந்தங்களில் விட்டுக்கொடுத்தது. (அவர்களும் தென்கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு அங்கே வந்தவர்கள். அது வேறு நீளக் கதை.) அவர்களை விட்டுவிட்டு இவர்களுக்கு 'முன்' பட்டம் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

> பேசாமல் 'முந்திரிக்கொட்டை' என்று வைத்துவிடுங்கள் :-)

சிரித்துவிட்டேன் தம்பி. ஆனால் தொனியில் இதுதான் மூலத்துக்கு மிக நெருக்கம். சூனர் என்பதும் முதலில் வசவுதான். அப்புறம் 1908இல் ஓக்லஹோமா பல்கலைக்கழக அணி அதையே தன் பெயராக்கிக்கொண்டது; இன்று மாநிலத்துக்கே அது செல்லப்பெயர். என்ன, ஆய்வுக் கட்டுரையில் முந்திரிக்கொட்டையை எழுதினால் வழிகாட்டி அடிக்க வருவார்.

என் பரிந்துரை: முந்தேறி. 'வந்தேறி'யின் அச்சில் வார்த்தது. 'முந்து' என்றதுமே வரிசையில் இடையில் புகுபவர் கண்முன் வருகிறார். கள்ளம் உண்டா இல்லையா என்பதைச் சொல் தீர்ப்பளிக்காது. ஸ்மித்தும் அடங்குவார், சோப்புக்காரரும் அடங்குவார்.

கூடவே கேட்டிருந்த 'பூமர்' (நிலத்தைத் திறந்துவிடச் சொல்லிக் கிளர்ச்சி செய்த டேவிட் பெய்ன் கூட்டத்தார்) இப்போதைக்கு வேண்டாமே. அப்படியே எழுதினால் நம் பிள்ளைகள் வேறு அங்கிளை நினைப்பார்கள். தனி இழையில் பார்ப்போம்.

அன்புடன்.

-----

> என் பரிந்துரை: முந்தேறி.

'வந்தேறி' நெடி அடிக்கிறதே என்று முதலில் தயங்கினேன். சொல்லில் பழைய வசவு கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், சரி, ஏற்கிறேன். பன்மை 'முந்தேறிகள்' போதும். 'முந்தேறியர்' என்றால் ஏதோ அரச வம்சம் போல ஒலிக்கிறது.

ஒன்று மட்டும்: கால்பந்துச் செய்தியில் அணியின் பெயராக வந்தால் 'சூனர்ஸ்' என்றே விட்டுவிடலாம். 'முந்தேறிகள் பின்தங்கினர்' என்று தலைப்புப் போட யாருக்காவது ஆசை வரும்.