பல் விழுந்த கத்திக்கு வீட்டிலேயே சாணை: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

அத்தை: அனைவருக்கும் வணக்கம். சமையலறையில் நான் நாள்தோறும் புழங்கும் எவர்சில்வர் கத்தியில் இரண்டு இடங்களில் பல் விழுந்திருக்கிறது. ஒன்று குருணை அளவுதான். மற்றொன்று ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். தக்காளி நறுக்கும்போது தோல் அந்த இடத்தில் சிக்கி இழுபடுகிறது. நல்ல கத்தியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அண்ணா, இதை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? படம் அனுப்பியிருக்கிறேன்.

பெரியப்பா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாய், அதாவது வெட்டும் ஓரம், உடைந்திருக்கிறதா, மடிந்திருக்கிறதா என்பது முதலில் தெரிய வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் எவர்சில்வர் கத்திகளின் எஃகு பெரும்பாலும் சற்று மென்மையானது என்பதால், எலும்பிலோ கிரானைட் மேடையிலோ பட்டால் உடைவதற்குப் பதிலாக வாய் ஒரு பக்கமாக மடிந்துகொள்வதும் உண்டு. வாய் மேலே இருக்கும்படி கத்தியை விளக்கின் அடியில் பிடித்துப் பார். கூராக இருக்கும் இடம் கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய இடமும் உடைந்த இடமும் மட்டும் வெள்ளையாக மின்னும். பிறகு ஒரு துண்டுப் பஞ்சை முதுகிலிருந்து வாயை நோக்கி இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்துப் பார். ஒரு பக்கத்தில் மட்டும் பஞ்சு சிக்கினால் அது மடிப்பு.

அத்தை: சிறியது மடிப்பு போலத்தான் தெரிகிறது, பஞ்சு ஒரு பக்கத்தில் மட்டும் மாட்டுகிறது. பெரியதில் இரும்பே இல்லை, அரைவட்டமாகக் குழிந்திருக்கிறது. பரங்கிக்காயில் இறங்கிய கத்தியை வெளியே எடுக்க யாரோ திருகியிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

அக்கா: என்னிடம் ஒரு பிளவுக்குள் கத்தியை விட்டு இழுத்துத் தீட்டும் சிறிய கருவி இருக்கிறது. நாளை அதைக் கொடுத்தனுப்பட்டுமா, அத்தை?

பெரியப்பா: வேண்டாம், பாப்பா. அந்தக் கருவிக்குள் இருப்பவை சாய்வாக வைத்த இரண்டு கடினமான தகடுகள்; அவை எஃகைத் தேய்ப்பதில்லை, சுரண்டி எடுக்கின்றன. நல்ல கத்தியையே அது சொரசொரப்பாக்கிவிடும். பல் விழுந்த கத்தியை இழுத்தாலோ, உடைந்த இடம் தகட்டில் தட்டி, பக்கத்தில் இருக்கும் எஃகையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

பலரும் செய்யும் இன்னொரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். உடைந்த இடத்தை மட்டும் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். பள்ளம் மறைந்ததுபோலத் தோன்றும். ஆனால் கத்தியைப் பலகைமேல் வைத்தால் அந்த இடம் பலகையைத் தொடாது, வெங்காயத்தாள் அறுபடாமல் ஒன்றோடொன்று தொங்கும். போன இரும்பை நம்மால் ஒட்ட முடியாது. ஆகவே பள்ளத்தின் அடிமட்டம் எதுவோ, அந்த மட்டத்துக்குக் கத்தியின் முழு வாயையும் நுனி முதல் பிடி வரை இறக்குவதுதான் ஒரே வழி. உன் கத்தி ஒரு மில்லிமீட்டர் அகலம் குறையும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அத்தை: அதற்கு எந்தக் கல் வாங்க வேண்டும், அண்ணா? இணையத்தில் ஆயிரக்கணக்கில் விலை போட்டிருக்கிறார்கள்.

பெரியப்பா: தெருமுனை ஹார்டுவேர் கடையில், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்புமாகக் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு கல் இருக்கும், கார்பரண்டம் கல் என்று கேள். அது சிலிக்கன் கார்பைடு. 1891இல் எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் சூடேற்றியபோது கிடைத்த பொருள் அது. எவர்சில்வரை அரிக்க அது தாராளமாகப் போதும். கல்லுக்கு எண்ணெயா தண்ணீரா என்று கேட்பாய். தண்ணீரே போதும், எண்ணெயை ஒருமுறை ஊற்றிவிட்டால் பிறகு தண்ணீர் உள்ளே இறங்காது.

இனி வேலைக்கு வருவோம். ஈரத்துணியை நான்காக மடித்து மேடையில் விரித்து, அதன்மேல் கல்லை வைத்தால் நகராது. முதல் கட்டமாக, கல்லை ஒருக்களித்து நிறுத்தி, அதன் குறுகிய பக்கவாட்டில் கத்தியின் வாயை நேர் செங்குத்தாக ஊன்றி, பிடிப் பக்கத்திலிருந்து நுனிவரை கத்தியின் வளைவு மாறாமல் மெதுவாக இழு. கல்லின் முகத்தில் இதைச் செய்தால் பள்ளம் விழுந்துவிடும் என்பதால்தான் பக்கவாட்டைச் சொல்கிறேன். கூரான வாயைத் தெரிந்தே மழுக்குவது மனத்துக்கு ஒப்பாது. ஆனாலும் பள்ளம் முற்றிலும் மறையும்வரை நிறுத்தக் கூடாது. இப்போது வாய் நெடுகிலும் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அடுத்து, கல்லைச் சொரசொரப்பான முகம் மேலே வரும்படி படுக்கவைத்து, அந்தக் கோடு காணாமல் போகும்வரை இரண்டு பக்கமும் சாய்த்துத் தேய்க்க வேண்டும். அரைமணி நேரம் ஆனாலும் ஆகும். அவசரப்பட்டு அழுத்தினால் கோணம் தவறிவிடும்.

அத்தை: எவ்வளவு சாய்க்க வேண்டும்? பாகைமானியை எல்லாம் என்னால் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

பெரியப்பா: பாகைமானி தேவையில்லை. கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஏறத்தாழ 20 பாகை வந்துவிடும். உன் கத்தி நாலரை சென்டிமீட்டர் அகலம் என்றால் முதுகு கல்லிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டைச் சீவிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது கத்தியை அதன்மேல் சாய்த்துச் சரிபார். வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுத் தேய்த்தால் இன்னும் எளிது: மை ஓரத்தில் மட்டும் அழிந்தால் கோணம் அதிகம், மேல்பகுதியில் மட்டும் அழிந்தால் கோணம் குறைவு.

சிங்கப்பூர் அண்ணன்: பெரியப்பா, என்னிடம் இருப்பது ஜப்பானியக் கத்தி. அதன் வாயிலும் மணல் தூவியதைப் போலச் சிறுசிறு உடைவுகள் இருக்கின்றன. அதற்கும் இதே முறைதானா?

பெரியப்பா: முறை அதேதான், ஆனால் எஃகு வேறு. ஜப்பானியக் கத்திகளின் கடினம் ராக்வெல் அளவில் பெரும்பாலும் 60ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். நம் சாதாரணக் கத்திகள் 50களில் நிற்கும். கடினமான எஃகு மடியாது, நொறுங்கும். உன் கத்திக்கு அகலத்தில் கால் பங்கு உயரம் போதும், அதாவது ஏறத்தாழ 15 பாகை. உடைவுகள் அவ்வளவு சிறியவை என்றால் செங்குத்தாகத் தேய்க்கவே வேண்டாம். 400 எண் தண்ணீர்க் கல்லில் தொடங்கி 1000, 3000 என்று போனால் (எண் கூடக் கூடக் கல் வழவழப்பாகும்) வழக்கமான தீட்டலிலேயே மறைந்துவிடும். கோழி எலும்பை அதனால் வெட்டாதே.

அக்கா: போதுமான அளவு தேய்த்தாயிற்று என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரியப்பா: இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் தேய்த்து முடிந்ததும், கட்டைவிரலை முதுகிலிருந்து வாயைத் தாண்டி வெளியே வழியவிட்டு, தேய்க்காத மறுபக்கத்தைத் தடவிப் பார். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. மெல்லிய பிசிறு ஒன்று நகத்தில் தட்டுப்பட்டால், எஃகு ஓரம்வரை தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தப் பிசிறு பிடியிலிருந்து நுனிவரை இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும். பல் விழுந்த இடத்தில் மட்டும் அது இல்லையென்றால் அங்கே வேலை இன்னும் மிச்சம். இப்படி இரண்டு பக்கமும் பிசிறு எழுப்பிய பிறகு, கல்லை வழவழப்பான பக்கத்துக்குத் திருப்பி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிறை எடு. கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில், வாய் பின்னால் வரும்படி, சில முறை இழு. பிசிறை எடுக்காமல் விட்டால் முதல் நாள் கத்தி அபாரமாக வெட்டும், மறுநாளே மழுங்கும். ‘சாணை பிடித்தும் பயனில்லை’ என்று அலுத்துக்கொள்கிறவர்களின் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

நான்: தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுமே, பெரியப்பா?

பெரியப்பா: இரண்டு மூன்று மில்லிமீட்டர் பள்ளம் என்றால் அவரிடம்தான் கொடுக்க வேண்டும், அதைக் கையால் தேய்த்துத் தீராது. அவர் தொழிலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காய்ந்த சக்கரத்தில் மெல்லிய வாய் சட்டென்று சூடேறும். சாதாரண இரும்புக் கத்தி நீலம் பாரித்தால் அந்த இடம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கிறது, பதம் இறங்கிவிட்டது. பிறகு அங்கே கூர் நிற்காது. எவர்சில்வரில் நிறம் மாறும்வரை காத்திருக்கவும் முடியாது, அதற்கு முன்பே பதம் போயிருக்கலாம். அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தேய்க்கும்படி பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்.

அத்தை: அண்ணா, வேலையை முடித்துவிட்டேன். சிறியது போன இடம் தெரியவில்லை. பெரியதில் மட்டும் நூலிழை அளவுக்கு ஒரு தடம் மிச்சமிருக்கிறது, கையும் வலிக்கிறது. செய்தித்தாளை நறுக்கினால் மற்ற இடங்களில் வழுக்கிக்கொண்டு போகிறது, அந்த இடத்தில் மட்டும் லேசாகத் தட்டுகிறது.

பெரியப்பா: அதை அப்படியே விட்டுவிடு. அடுத்தடுத்துத் தீட்டும்போது தானாக மறையும்; அதற்காக மேலும் எஃகைக் கரைக்க வேண்டாம். வாய் இறங்கியதால் ஓரம் சற்றுத் தடித்திருக்கும். கேரட் நறுக்கும்போது அறுபடாமல் பிளந்தால் சொல், வாய்க்கு மேலே இருக்கும் பகுதியைப் பத்துப் பாகையில் படுக்கவைத்து மெலிதாக்கிக்கொள்ளலாம். கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே காய் நறுக்கு, எஃகுத்தூள் ஒட்டியிருக்கும். கூர் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடு. மழுங்கிய கத்திக்குப் பழகிய கை அதிகமாக அழுத்தும்.

அக்கா: அரிவாள்மனைக்கும் இதே கல் ஆகுமா?

பெரியப்பா: ஆகும். அதை அசைக்க முடியாது என்பதால் மனையைக் காலால் அழுத்திக்கொண்டு, கல்லைக் கையில் எடுத்து, வளைவை ஒட்டி வாயிலிருந்து முதுகுப் பக்கமாகத் தள்ளித் தேய்க்க வேண்டும். விரல்கள் கல்லின் ஓரத்துக்கு வெளியே வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், நான் செய்து காட்டிய பிறகு நீ தொடு.