பெர்லினில் வேலை, முதலில் தற்காலிக அறை: முகவரிப் பதிவை என்ன செய்வது?

புதுவரவு:
அடுத்த மாதம் பெர்லினில் வேலையில் சேர்கிறேன். முதல் ஆறு வாரத்துக்கு ஓர் அறை பேசியிருக்கிறேன், ஆனால் அங்கே அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) செய்ய முடியாது என்கிறார் அறைக்காரர். கம்பெனியோ வரி எண் கேட்கிறது. நிரந்தர வீடு கிடைத்த பிறகு பதிந்தால் போதுமா? அதுவரை சம்பளம் நிற்குமா? மனைவி சில மாதம் கழித்து வருவார்.

மரக்கலம்:
சம்பளம் நிற்காது. ஆனாலும் அந்த அறையை விட்டுவிட்டு, வாடகை கொஞ்சம் கூடினாலும் பதிவுக்கு ஒத்துக்கொள்ளும் இடமாகப் பாருங்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பாஸ்போர்ட், விசா, படிவம், இவற்றோடு வீடு கொடுப்பவர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங் (நீங்கள் அங்கே குடிபுகுந்ததற்கான உறுதிச் சான்று) என்ற தாளும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் கொண்டுபோய்த் திரும்பி வருபவர்கள் நிறைய. உரிமையாளர்தான் கையெழுத்திட வேண்டும் என்றில்லை, உள்வாடகைக்கு விடுபவரும் தரலாம். காசு வாங்கிக்கொண்டு, நீங்கள் குடியிருக்காத முகவரிக்குத் தாள் தருகிறேன் என்பவர்களிடம் போகவே போகாதீர்கள். அப்படித் தருபவருக்கு அபராதம் 50,000 யூரோ வரை.

பெர்லினில் எந்த பூர்கராம்ட்டிலும் (குடிமக்கள் சேவை அலுவலகம்) பதியலாம், உங்கள் பகுதி அலுவலகம்தான் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைக்காவிட்டால் கிடைக்கிற முதல் தேதியைப் பிடித்து, உறுதிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது தபால்பெட்டி. பதிந்த பிறகு வரி எண் தபாலில்தான் வரும். அங்கே பெரும்பாலான கட்டடங்களில் உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார், பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும். நம் ஆட்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருந்தால் கடிதமும் அந்தப் பெயருக்கே வரும். பெட்டியில் உங்கள் பெயரை மட்டும் ஒட்டினால் வேலைக்காகாது, இரண்டையும் ஒட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:
வரி எண் விஷயம். எண் வராதது உங்கள் தவறு இல்லையென்றால், கம்பெனி மூன்று மாதம் வரை உங்களுக்குப் பொருந்தும் வரி வகுப்பிலேயே (சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதற்கான பிரிவு) சம்பளம் போடலாம். அதற்குப் பிறகும் எண் இல்லையென்றால் ஆறாம் வகுப்பு, பிடித்தம் மிக அதிகம். கூடுதலாகப் பிடித்தது பிறகு வரிக் கணக்குத் தீர்க்கும்போது திரும்பும், ஆனால் வந்த புதிதில் கையில் காசு வேண்டுமே.

பதிவுப் படிவத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டண்ட் என்றோ எழுதினால் தேவாலய வரி தொடங்கிவிடும்: பெர்லினில் வருமான வரியின் மேல் 9 சதவீதம். பாதிப் பேருக்கு முதல் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தால், வருமானம் இல்லாத மனைவியைத் தனிக் கட்டணமின்றி அதிலேயே சேர்க்கலாம்.

புதுவரவு:
நன்றி. பதிவுக்குச் சம்மதிக்கும் வீடு ஒன்று வந்திருக்கிறது. முன்பணம் 4 மாத வாடகை கேட்கிறார், சாவியைக் கூரியரில் அனுப்புவாராம்.

மரக்கலம்:
பணம் அனுப்பாதீர்கள். வீட்டைப் பார்க்காமல், சாவி கூரியரில் என்றாலே மோசடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தின் உச்சவரம்பு 3 மாதக் கால்ட்மீட்ட, அதாவது வெப்பம், தண்ணீர்ச் செலவு சேராத வாடகை. அதையும் மாதம் ஒன்றாக மூன்று தவணைகளில் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு; முதல் தவணை குடிபுகும்போதுதான்.

நிரந்தர வீடு பார்க்கும்போது சமையலறை இருக்கிறதா என்று கேளுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிகூட இல்லாத வீடுகள் சகஜம். சாவி வாங்கும்போது மின்மீட்டர் அளவு, சுவரிலுள்ள கீறல் எல்லாவற்றையும் ஒப்படைப்புத் தாளில் எழுதவைத்துப் படமும் எடுங்கள்.

பதிந்த பிறகு ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் கட்டணம் வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. கூடக் குடியிருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைப் பதிலில் எழுதி அனுப்பினால் போதும்.