டயரில் காற்று இருக்கிறது, காலில்தான் இல்லை

கடற்கரைச் சாலை, சென்னை

ஏழு வருடமாக வாரம் மூன்று நாள் சைக்கிள் ஓட்டுகிறேன். திருவான்மியூரில் கிளம்பி மாமல்லபுரம் தொட்டுத் திரும்பினால் 90 கிலோமீட்டர் சொச்சம். அது எனக்கு ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. இப்போது மூன்று மாதமாகத் தூங்கி எழுந்தாலே அசதி. சரி, அதைச் சொல்ல வரவில்லை. முட்டுக்காடு பாலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பாலம் ஏறும்போதே கால் வரவில்லை. இடது காலை ஊன்றி நின்றுவிட்டேன். மூச்சு வாங்கவில்லை, எங்கேயும் வலி இல்லை. வலது காலைத் தூக்கிப் பெடலில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. முடியவில்லை. கோவளம் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். பழைய கறுப்பு சைக்கிள், கேரியரில் மீன் பெட்டி, ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. அறுபத்தைந்து வயதாவது இருக்கும்.

"என்ன தம்பி, காத்து எறங்கிடுச்சா?"

யோசிக்காமல் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். மனிதர் ஸ்டாண்டு போட்டு இறங்கி வந்து, குனிந்து என் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு முன்சக்கரம். "கல்லு மாதிரி இருக்கே" என்றார். அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, போய்விட்டார்.

அந்தப் பார்வைதான் இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

சாக்பீஸ், கோவை

எனக்கும் ஆனது. என்னைக் காட்டிக்கொடுத்தது அரிசி.

பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சைக்கிள், ஞாயிறு சிறுவாணி ரோடு. போன வருடம் மாலையில் வீடு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் படுத்துவிடுவேன். ரத்தம் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 12.1. "நார்மல்தான், வயசாகுதில்ல" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்போது 38.

ஒரு ராத்திரி அரிசி டப்பாவைத் திறந்து பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டிருந்தேன். மாமியார் விளக்கைப் போட்டுவிட்டார். "ஏங் கண்ணு, அரிசி தின்னாக் கல்யாணத்துல மழ பேயும்பாங்க. உனக்குத்தான் ஆயி பதினாலு வருசமாச்சே" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் ஆறேழு மாதமாக அப்படித் தின்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

வேறொரு டாக்டரிடம் அசதியோடு இதையும் சொன்னேன். உடனே ஃபெரிட்டின் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். உடம்பில் சேர்த்துவைத்திருக்கிற இரும்பின் கணக்கு அது. 15-க்குக் கீழே போனாலே இருப்பு காலி என்று அர்த்தமாம். எனக்கு 7. இரும்பு மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு போடச் சொன்னார், அந்த நேரத்தில் டீ கூடாது என்றார். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்து முதல் வாரம் பயந்தே போனேன். அரிசி ஆசை சீக்கிரமே விட்டுப்போயிற்று. கால் திரும்பி வரத்தான் இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

வைகைக்கரை, மதுரை

ஆளாளுக்கு லேபுக்கு ஓடுவது இப்போது ஃபேஷன். டீச்சரம்மா தப்பாக நினைக்க வேண்டாம், உங்களுக்கு நிஜமாகவே குறை இருந்திருக்கிறது. ஆனால் நான் பார்த்த பத்தில் ஒன்பது பேருக்குப் பிரச்சினை ரத்தத்தில் இல்லை, தட்டில்தான். 300 கிலோமீட்டர் பிரெவேயில் (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) மேலூர் தாண்டி ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து நானும் அழுதிருக்கிறேன். காலையில் தின்ற நாலு இட்லியோடு மாலை வரை ஓட்டினால் வேறென்ன ஆகும்?

ஆகவே, முதலில் சாப்பாடு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் கிடைக்கும். கடலைமிட்டாய் பையில் இருக்கட்டும். பசித்த பிறகு தின்பது கடன் முற்றிய பிறகு வட்டி கட்டுகிற மாதிரி. வெறும் தண்ணீராகக் குடிக்காதீர்கள், வேர்வையில் போகிற உப்பு திரும்ப வர வேண்டும், உப்புப் போட்ட மோர் போதும். அடுத்தது நாடி. காலையில் கண் விழித்ததும், காபிக்கு முன்னால், படுத்தபடியே ஒரு நிமிடம் எண்ணி எழுதிவையுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக நாலு நாள் தொடர்ந்து நின்றால் சைக்கிளைத் தொடாதீர்கள். மூன்று வாரம் ஓட்டினால் நாலாவது வாரம் பாதியாகக் குறைக்க வேண்டும். எல்லா நாளும் ஒரே வேகத்தில் மிதிப்பதுதான் நம் ஆட்களின் வியாதி. மெதுவாக ஓட்ட வெட்கம், ஓட்டிய வேகத்தை எல்லோருக்கும் காட்டுகிற ஸ்டிராவா ஆப்பில் நாலு பேர் பார்ப்பார்களே! தூக்கம் ஏழு மணி நேரம். ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்து நாலு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிளம்புகிறவர்கள் அசதியைப் பற்றிப் பேசவே கூடாது.

இரண்டாம் ஷிஃப்ட், அம்பத்தூர்

அண்ணே, நாலாவது வாரம் பாதி ஓட்டணும் என்கிறீர்கள். நான் கம்பெனிக்குப் பாதி தூரம் போய்த் திரும்பி வரவா? உங்கள் கணக்கெல்லாம் ஆசைக்கு ஓட்டுகிறவர்களுக்கு. எனக்குப் போக 11 கிலோமீட்டர், வர 11, வரும்போது ராத்திரி பதினொன்றைத் தாண்டியிருக்கும்.

ஆறு மாதமாகச் செத்துச் செத்து மிதித்தேன். வயசு, வேலை, கடன் என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். ஒரு நாள் பஞ்சர் போடக் கடையில் விட்டேன். கடைக்காரர் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார். இரண்டு சுற்று, நின்றுவிட்டது. இன்னொரு தடவை சுற்றினார். அதே இரண்டு சுற்று. பிரேக் கட்டை ஒரு பக்கம் ரிம்மைப் பிடித்தபடி இருந்தது. "பிரேக்கைப் புடிச்சிக்கினே அம்பத்தூர் போய் வந்துக்கிறியே, நீ ஆளா மாடாய்யா?" என்றார். பத்து ரூபாய்கூட வாங்கவில்லை. நான் சிரிக்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் வீட்டில் எத்தனை நாள் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.

கட்டை சரியான பிறகும் அசதி முழுக்கப் போகவில்லை, பாதி போனது. மீதி ஷிஃப்ட்டுக்குச் சொந்தம்.

மிதிவண்டிக்காரன், யாழ்ப்பாணம்

இங்கே சைக்கிள் உழக்குவது விளையாட்டு இல்லை, வேலைக்குப் போகும் வழி. போன மாரியில் எனக்கு டெங்கு. காய்ச்சல் விட்டுப் பத்தாம் நாள் வெளிக்கிட்டேன், நாவற்குழிப் பாலத்தில் எதிர்காற்று. பின்னால் பள்ளிக்கூடப் பெடியள் மூன்று பேர். "மாமா, தள்ளி விடட்டோ?" என்று கேட்ட ஒருவன், பதிலுக்குக் காத்திராமல் என் முதுகில் கையை வைத்துப் பாலம் முடியுமட்டும் தள்ளிக்கொண்டே உழக்கினான். வெட்கமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது. பழையபடி ஆக இரண்டு மாதம் எடுத்தது. டொக்டர் அப்படித்தான் இருக்கும் என்று முதலே சொன்னவர், நான்தான் கேட்கவில்லை.

மதுரை அண்ணை, நாடி எண்ணச் சொன்னது நல்ல விஷயம். ஆனால் சென்னைக்காரர் கேட்டது பெரியவரின் பார்வையைப் பற்றி.

கடற்கரைச் சாலை, சென்னை

மதுரை அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் லேபுக்குப் போய்விட்டேன். ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரி. வைட்டமின் பி12 மட்டும் 140, குறைந்தது 200 இருக்க வேண்டுமாம். டாக்டர் என் பையிலிருந்து எட்டிப் பார்த்த மாத்திரை அட்டையைக் காட்டி "இது எவ்வளவு நாளா?" என்றார். கேஸ் மாத்திரை. இரண்டரை வருடமாகத் தினம் காலையில் போடுகிறேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. வயிற்று அமிலத்தைக் குறைத்துவைத்தால் சாப்பாட்டிலிருந்து பி12 சரியாகப் பிரிந்து சேராதாம். நான் சைவம் வேறு. இப்போது ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன், இது ஐந்தாவது வாரம். அம்பத்தூர் நண்பருக்காகப் பிரேக்கையும் பார்த்தேன், சக்கரம் நன்றாகவே சுற்றுகிறது.

போன ஞாயிறு முட்டுக்காடு வரைக்கும்தான் போனேன், மெதுவாக. பாலத்தில் அந்தப் பெரியவர் எதிரே வந்தார், அதே பெட்டி. நான் இறங்கவில்லை. என்னைத் தாண்டும்போது இரண்டு தடவை பெல் அடித்தார். அடையாளம் தெரிந்து அடித்தாரா, ஓரமாகப் போ என்று அடித்தாரா, தெரியவில்லை.