செட் பேக்கர் பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்

மக்களே ஒரு ஹெல்ப். நேத்து ராத்திரி தூக்கம் வராம 'பார்ன் டு பி ப்ளூ' படம் பார்த்தேன், 2015ல வந்தது, ஈதன் ஹாக் தான் ட்ரம்பெட் வாசிக்கிற ஜாஸ் கலைஞர் செட் பேக்கரா வர்றாரு, இவ்ளோ நல்ல படத்த ஏன் யாருமே பேசல?

1966ல அடிதடியில வாயில அடிபட்டு பல்லு போயிடுது, ட்ரம்பெட்காரனுக்கு உதடும் பல்லும் தானே எல்லாம், அந்தாளு பாத்டப்ல உக்காந்து வாயில ரத்தம் வழிய வழிய ஊதி பார்ப்பாரு பாருங்க, ஐயோ முடியல. நடுவுல ஹெராயின் போதைப் பழக்கம் வேற. அத புனிதமாவும் காட்டல, திட்டவும் இல்ல, அதான் புடிச்சுது. பாட்டு ஈதன் ஹாக்கே பாடினதாம், ட்ரம்பெட் மட்டும் கெவின் டர்காட்.

இப்ப டவுட்டு என்னன்னா, படத்துல அவரோட காதலியா வர்ற ஜேன் கற்பனை கேரக்டர்னு படிச்சேன், அப்ப மத்ததுல எது நெஜம் எது ரீலு? யாராச்சும் நல்ல வாழ்க்கை வரலாறு படிச்சிருந்தா பேரு சொல்லுங்க. பேக்கர பத்தி ப்ரூஸ் வெபர் எடுத்த 'லெட்ஸ் கெட் லாஸ்ட்' டாக்குமெண்டரி எங்க பார்க்கலாம்? பேக்கர் 1988ல ஆம்ஸ்டர்டாம்ல ஹோட்டல் ஜன்னல்லேர்ந்து விழுந்து செத்தாரே, அந்த டாக்குமெண்டரியும் அதே வருஷம் தான் வந்தது.

அப்புறம் ட்ரம்பெட், நாதஸ்வரம்னு எதாச்சும் ஊதுறவங்க இருந்தா, பல்செட்டு போட்டுட்டு திரும்ப முதல்லேர்ந்து பழகுறது எவ்ளோ கஷ்டம்னு சொல்லுங்க ப்ளீஸ். ஜாஸ் எனக்கு சுத்தமா புதுசு, எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கலாம்?